நீல வெளிச்சத்தில் நிறம் தெரியாது

என்னிடம் வேலை பழகிய காஞ்சனா இப்போது ஒரு நர்சிங் பள்ளியில் டீச்சர். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துக் காட்டினாள். துணி காயப்போடும் கிளிப் அளவுதான் இருக்கும். உள்ளே சிவப்பாக ஒரு விளக்கு. பிறந்த குழந்தையின் வலது கையில் ஒரு தரம், காலில் ஒரு தரம் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று எண் வந்துவிடுமாம். எண் குறைந்தால் உடனே இதயத்தை ஸ்கேன் எடுக்க அனுப்பிவிடுவார்களாம். "இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு எங்க பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்லதா எழுதுங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டுப் போனாள்.

நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பிறந்த குழந்தைகள் வார்டில் குப்பை கொட்டியிருக்கிறேன். என் கையில் குளித்த பிள்ளைகள் இன்றைக்கு ராயபுரத்தில் மீன் விற்கிறார்கள், வக்கீலாக இருக்கிறார்கள், ஒருவன் கவுன்சிலர்கூட ஆகிவிட்டான். ஆனால் சமாளித்தீர்களா என்று கேட்டால், ஒரு முறை நான் சமாளிக்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் காஞ்சனா கிழித்துப் போட்டுக்கொள்ளட்டும்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ஷீட்டைச் சுருக்கமில்லாமல் விரிக்கவும், திட்டு வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக நிற்கவும் மூன்று வருஷம் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரியே இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கார் நிறுத்துகிறார்கள். மீன்பிடி துறைமுகத்து ஜனங்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கொடுங்கையூர், வியாசர்பாடியிலிருந்து ரிக்ஷாவில் வருகிறவர்கள், எல்லாரும் எங்களிடம்தான் வருவார்கள். கூட்டத்தில் என் குரல்தான் ஓங்கி நிற்கும். எனக்கு மைக் தேவையில்லை. "ரீட்டா சிஸ்டர் டூட்டியா?" என்று வாசலில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்களாம். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் வார்டுக்குப் பொறுப்பு அமலோற்பவம் சிஸ்டர். ஒல்லியான உடம்பு. குரல் அதைவிட ஒல்லி. இருபத்தைந்து வருஷத்தில் அவர் யாரிடமும் கத்தி நான் கேட்டதில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது. இந்த ஜனங்களிடம் இப்படி மெதுவாகப் பேசினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். "ஏறட்டும், எனக்கென்ன கழுத்தா வலிக்குது" என்பார்.

அவர் ஒரு குழந்தையைப் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குழந்தையை ஜன்னல் ஓரம் கொண்டுபோவார். வெயில் நேராக விழாத, ஆனால் பகல் வெளிச்சம் நன்றாக இருக்கிற இடம். கைவிரல், கால்விரல் நீலமாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார். குளிருக்கே அப்படி ஆகும். சுண்டுவிரலால் தாடையை மெல்ல அழுத்துவார். வாய் திறந்ததும் நாக்கைப் பார்ப்பார். "விரலைப் பாத்து ஏமாறாதே ரீட்டா, நாக்கைப் பாரு." அப்புறம் தொடை மடிப்பில் இரண்டு விரலை வைத்து நாடி பிடிப்பார். மூச்சை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுவார். நாங்களெல்லாம் அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற ஜாதி. அவர் அருகில் நின்று கடிகாரத்தைப் பார்த்தால் எனக்குக் கால் கடுக்கும்.

இப்படித்தான் ஒரு நாள் கண்டுபிடித்தார். வலை பின்னுகிற ஒருவரின் பெண் குழந்தை, பிறந்து ஒரு நாள்தான். எங்கள் எல்லார் கண்ணுக்கும் நல்ல குழந்தை. கொஞ்சம் கருப்பு, அவ்வளவுதான். சிஸ்டர் ஜன்னலில் நாக்கைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது நெஞ்சுக்கூட்டில் நுரையீரலுக்கு இடமே இல்லை; இதயம் சுவரிலிருந்து சுவர் வரை அடைத்துக்கொண்டு இருந்தது. வலது பக்கத்து வால்வு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கீழே இறங்கி ஒட்டிப் பிறந்திருக்கிறது, அடைத்த ரத்தம் திரும்பித் திரும்பி மேலறையை ஊதவைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். "நான் இதைப் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்று அவரே படத்தை நாலு தரம் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண் பிழைத்தாள். பெரியவளான பிறகு ஆபரேஷன் நடந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது அமலோற்பவம் சிஸ்டர் உயிரோடு இல்லை, நான்தான் வாங்கிக்கொண்டேன்.

இனி நீல விளக்கைப் பற்றி. பிறந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் பல குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வரும். அதற்கு நீல ட்யூப் லைட்டுக்கு அடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைப்போம். வார்டு பாஷையில் 'லைட்ல வெக்கறது'. அந்த வெளிச்சத்தில் ஒரு சங்கடம் உண்டு. அதற்கு அடியில் எல்லாக் குழந்தையும் நீலம்தான். உங்கள் கையை நீட்டினால் அதுவும் நீலம். உதட்டு நிறம், நாக்கு நிறம் எதுவும் தெரியாது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டும். சிஸ்டர் அணைத்துவிட்டுப் பத்து எண்ணுவார். "நம்ம கண்ணும் நீலத்துல ஊறிக் கிடக்குது. அது தெளியட்டும்" என்பார். பிறகுதான் குழந்தையைத் தொடுவார்.

எங்களிடம் இருந்தது இரண்டு விளக்கு. அதில் ஒன்றின் ஸ்டார்ட்டர் கெட்டுப் போயிருந்தது. அணைத்தால் மறுபடி எரியாது. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்டார்ட்டரைத் திருகித் திருகி, கண்ணடித்துக் கண்ணடித்து அது எரிவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். பெட்டிக்கடையில் கிடைக்கிற சாமான். மாற்றச் சொல்லி சிஸ்டர் ஆபீசுக்கு எழுதியிருந்தார். ஆபீஸ் அதன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதனால் அந்த விளக்கை யாரும் அணைக்க விரும்ப மாட்டோம். ஒரு விளக்குக்கு அடியில் இரண்டு குழந்தைகள் வேறு படுத்திருக்கும். கரண்ட் போனால் மின்சார வாரியத்தை ஏழு தலைமுறைக்குத் திட்டுவேன்.

தொண்ணூற்றொன்பது, ஜூன் மாதம். செல்வி என்று ஒருத்தி. இருபத்தொரு வயது, முதல் பிரசவம். கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. புருஷன் பாஸ்கர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். சிசேரியனில் ஆண் குழந்தை. அழகாக, நிறைய முடியோடு. முதல் நாள் டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். தவறாக ஒரு சத்தமும் இல்லை. சிஸ்டரும் ஜன்னலில் வைத்துப் பார்த்தார், நாக்கு சிவப்பு. மூன்றாம் நாள் காலையில் லேசாக மஞ்சள் தட்டியது. டாக்டர் லைட்டில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஸ்டார்ட்டர் கெட்ட விளக்கில்தான் இடம் இருந்தது. சிஸ்டர் அன்றைக்கு ஏதோ பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வார்டு என் பொறுப்பு.

பால் கொடுக்க மட்டும் குழந்தையை எடுத்து அம்மாவின் கட்டிலில் கொடுப்போம். குடித்ததும் திரும்ப விளக்குக்கு அடியில் போட்டுவிட வேண்டும். காலை பத்து மணிக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலையாகப் போனேன். திரும்பிப் பார்த்தால் அரை மணி நேரமாகச் செல்வி பிள்ளையை மடியில் வைத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஏறிவிட்டது.

"ஏய், இன்னாடி பண்ணிகினு கீற? கொஞ்சறதுக்கு இதான் நேரமா? லைட்ல இருந்தாத்தான் மஞ்சள் எறங்கும்னு சொன்னேனா இல்லியா? பெத்தவ நீ, அறிவு வேணாம்?"

"இல்ல சிஸ்டர், புள்ள சரியா குடிக்கல…"

"குடிக்கலன்னா நாங்க பாத்துக்கறோம். டாக்டருக்கு நீ படிச்சிருக்கியா? குடு இங்க."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். செல்வி முகம் தொங்கிவிட்டது. நான் பிள்ளையை வாங்கி விளக்குக்கு அடியில் போட்டுவிட்டு, அடுத்த கட்டிலுக்குத் திட்டப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆயா பாலுக்கு எடுத்துக் கொடுத்து, பத்தே நிமிஷத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு மணிக்கு நான் பார்க்கப் போனேன். உடம்பு சூடு சரி. மூச்சு கொஞ்சம் வேகம். நெஞ்சு இழுக்கவில்லை, மூக்கு விடைக்கவில்லை, சும்மா வேகம். கொஞ்சம் சோர்வு. காமாலைக் குழந்தை தூங்கி வழியத்தான் செய்யும் என்று நினைத்து, பாலுக்கும் எடுக்காமல் விட்டேன். விளக்கை அணைக்க ஸ்விட்சில் கை வைத்தேன். ஸ்டூலை யாரோ பிரசவ அறைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். கையை எடுத்துவிட்டேன். சார்ட்டில் 'நிறம் நன்று' என்று எழுதினேன். நாலு மணிக்கும் அப்படியே. 'நிறம் நன்று'. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. வழக்கம்போல வாரியத்தைத் திட்ட வாயைத் திறந்தவள், விளக்கு அணைந்த தொட்டிலைப் பார்த்தேன். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக நன்றாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் படுத்திருந்த குழந்தை மஞ்சளாக இருந்தது. செல்வியின் குழந்தை நாவல்பழ நிறத்தில் இருந்தது.

தாடையை அழுத்தி நாக்கைப் பார்த்தேன். அதுவும் அதே நிறம். கத்த வராத நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஆயாதான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். ஆக்ஸிஜன் வைத்தோம். டாக்டர் பத்து நிமிஷம் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நுரையீரலில் கோளாறு என்றால் ஆக்ஸிஜனுக்கு நிறம் திரும்பும். இதயத்தில் என்றால் திரும்பாது. திரும்பவில்லை.

பாஸ்கர் அப்போதுதான் வேலை முடிந்து கையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். டாக்டர் அவனைத் தனியாக அழைத்துச் சொன்னார். நானும் நின்றேன்.

"இதயத்துலேருந்து நுரையீரலுக்குப் போற குழாய்க்கு வாசல்ல ஒரு வால்வு இருக்கும்ப்பா. தொறந்து மூடும். உன் பிள்ளைக்கு அது தொறக்காம ஒட்டியே பிறந்திருக்குன்னு நெனைக்கிறேன். வயித்துல இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் பக்கத்துல ஒரு சின்ன வழி உண்டு. அது வழியா ரத்தம் போயிட்டிருந்துது. அதனாலதான் ரெண்டு நாள் நல்லா இருந்தான். பிறந்த பிறகு அந்த வழி தானா மூடிக்கும். இப்ப அது மூடிட்டு வருது."

பாஸ்கர் அதை லாரிக்காரன் பாஷையில் திருப்பிக் கேட்டான். "ரயில்வே கேட்டு போட்டாச்சு, சந்து வழியா வண்டி பூந்துகினு இருந்துச்சு, இப்போ சந்தும் அடைக்குது. அப்டித்தானே சார்?"

"அப்படித்தான்."

"அந்தச் சந்த தொறந்து வெக்க முடியாதா சார்?"

"மருந்து இருக்கு. எங்ககிட்ட இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகணும். அங்க ஸ்கேன் பண்ணிட்டு, முடிஞ்சா அந்த வால்வைத் தொறப்பாங்க."

ஆஸ்பத்திரி வேனில் நான், பாஸ்கர், குழந்தை, ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர். செல்விக்கு ஆபரேஷன் தையல் இன்னும் ஆறவில்லை. அவளை வேனில் ஏற்ற முடியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பும்போது கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். வெளியே வந்தால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பாஸ்கர் இறங்கி ஓடினான். டிரைவர்கள் எல்லாம் அவன் தோஸ்துகள். "மாமு, கொயந்த மாமு, ஒதுங்கு மாமு" என்று ஒவ்வொரு லாரிக் கதவையும் தட்டிக்கொண்டே எங்களுக்கு முன்னால் ஓடினான். ஒதுங்க இடமில்லாத ரோட்டில் அவர்களும் என்ன செய்வார்கள். ஒதுங்கினார்கள், இன்ச் இன்ச்சாக. யானைக்கவுனி பாலம் தாண்டும்வரை அவன் வண்டியில் ஏறவே இல்லை. நான் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். முழுசாக ஒரு நிமிஷம், மறுபடி ஒரு நிமிஷம். எண்ண வேண்டிய நேரத்தில் எண்ணாதவளுக்கு அன்றைக்கு எண்ண நிறைய நேரம் கிடைத்தது.

போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. ஸ்கேன் எடுத்து எங்கள் டாக்டர் சொன்னதையே சொன்னார்கள். மருந்தை ஏற்றினார்கள். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். எப்போதிலிருந்து நீலம் என்று என்னைக் கேட்டார். "ஐந்தே முக்காலுக்குப் பார்த்தேன்" என்றேன். கேள்வி அதுவல்ல, பதிலும் அதுவல்ல. அவருக்கு அது தெரிந்திருக்கும். இந்த மருந்து அந்த வழி அடைபடும் முன்னால் உள்ளே போனால் நன்றாக வேலை செய்யும், அடைத்த பிறகு சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழந்தை இறந்துவிட்டது. பாஸ்கர் எங்கள் வார்டுக்கு வந்து செல்வியின் கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்தான். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தமில்லாமல் ஒருத்தி அழுவதைப் பார்ப்பது மிகவும் கொடுமை. அந்த ஜனங்கள் நெஞ்சிலடித்து அழுகிறவர்கள். இவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஆடினாள்.

சாயங்காலம் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு நானே போய் உதிரி மல்லிகை வாங்கிவந்தேன். பூக்காரி, "விசேஷமா சிஸ்டர்?" என்றாள். ஆமாம் என்றேன். செல்விக்கு நானே வைத்துக் கட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வார்டு முழுக்கக் கல்யாண வீடு போல மணத்தது.

அமலோற்பவம் சிஸ்டர் திரும்பி வந்ததும் சார்ட்டைக் கேட்டார். நின்றுகொண்டே படித்தார்.

"ரெண்டு மணிக்கு லைட்டை அணைச்சுப் பாத்தியா ரீட்டா?"

"இல்ல சிஸ்டர்."

"நாலு மணிக்கு?"

"இல்ல சிஸ்டர்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இரண்டு வரிக்கும் கீழே 'விளக்கை அணைக்காமல் பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு அவர் தன் கையெழுத்தையும் கீழே போட்டார். "ஸ்டார்ட்டரை நானும் ஒரு தரம்தான் எழுதிக் கேட்டேன். மறுபடி கேட்டிருக்கணும்" என்றார். அன்றே கடைக்கு ஆள் அனுப்பி வாங்கி, தானே ஸ்டூலில் ஏறி மாட்டினார். விசாரணை நடந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. போயிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

செல்வியிடம் யாரும் என் தப்பைச் சொல்லவில்லை. பிறவியிலேயே கோளாறு, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். பாதி உண்மை. மீதிப் பாதி என்னிடம் இருந்தது. அவள் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிற அன்று சொல்லிவிட வேண்டும் என்று வாசல் வரை கூடவே போனேன். ஆட்டோ வந்துவிட்டது. சொல்லவில்லை. அதற்குப் பிறகு கல்மண்டபம் பக்கம் போனால் அந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டு போவேன். விளக்கை அணைக்காமல் ஒரு குழந்தையையும் பார்த்ததில்லை. காஞ்சனாவைக் கேளுங்கள், அணைக்காமல் பார்த்தவள் காதைத் திருகியிருக்கிறேன். ஆனால் கத்துவதை மட்டும் விடவில்லை. இன்னும் அதிகமாகத்தான் கத்தினேன். தப்பு நடந்தது கத்தாததால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷம் கழித்துச் செல்வி வந்தாள். ஏழு மாதம். இடையில் இரண்டு தரம் தங்கவில்லையாம். வெளி நோயாளிகள் வரிசையில் நின்றவள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தரமும் விட்டால் செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. அவளை மருந்து வைக்கும் அறைக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். சொன்னேன். இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நான் விளக்கை அணைத்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, ஸ்டூல் இல்லை என்று விட்டுவிட்டேன், பார்த்ததாக எழுதினேன். பார்த்திருந்தால் நாலு மணி நேரம் முன்னாலேயே மருந்து போயிருக்கும். பிழைத்திருப்பானா என்று தெரியாது. பிழைத்திருக்கலாம்.

கத்துவாள், அடிப்பாள், பாஸ்கரைக் கூட்டிவருவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ புரியாததைக் கேட்டவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

"நீங்களா சிஸ்டர்? நான் இல்லியா?"

"நீ இன்னாடி பண்ண?"

"நான் பாத்தேன் சிஸ்டர். பன்னண்டு மணிக்கு ஆயா பாலுக்குக் குடுத்துச்சு பாருங்கோ, அப்போ ஒதடு கறுத்துகினு இர்ந்துச்சு. காலீலயே கொஞ்சம் ஒரு மாரி இர்ந்துச்சு. அதான் பாத்துகினே இர்ந்தேன், நீங்கோ வந்து திட்னீங்கோ. மத்தியானம் நல்லாவே தெர்ஞ்சிது. நீங்கோ அந்தாண்ட போய்கினு இர்ந்தீங்கோ. கூப்ட்லாம்னு வாயத் தொறந்தேன். எல்லாரும் மறுக்கா சிரிப்பாங்கோ, நீங்கோ மறுக்கா டாக்டருக்குப் படிச்சிருக்கியான்னு கேப்பீங்கோன்னு பயந்துகினு அப்டியே குடுத்துட்டேன். பெத்தவ நான், கண்ணால பாத்துகினே குடுத்துட்டேன். எங்கூட்டுக்காரராண்டகூட இத்தச் சொன்னதில்ல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷமாக நான் இரண்டு மணியிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பன்னிரண்டு மணியிலிருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அந்தக் குழந்தையை நல்ல வெளிச்சத்தில், மடியில் வைத்து, முகத்துக்கு முகம் பார்த்த ஒரே ஆள் அவள்தான். அவள் வாயை அடைத்தது நான். ஸ்டார்ட்டரோ ஸ்டூலோ இல்லை.

"நீ இல்லடி செல்வி. சத்தியமா நீ இல்ல" என்றேன். எத்தனை தரம் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவள் நம்பினாளா என்றும் தெரியவில்லை. ஆறு வருஷம் சுமந்ததை ஒரு நிமிஷத்தில் யாரால் இறக்கிவைக்க முடியும்?

பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே இதயத்தை ஸ்கேன் பண்ணச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வால்வெல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் அதற்கும் லேசாக மஞ்சள். லைட்டில் வைத்தோம். விளக்குக்குப் பக்கத்துக் கட்டிலையே செல்விக்குக் கொடுத்தேன். என்னைக் கூப்பிடு, எத்தனை தரம் தோன்றினாலும் கூப்பிடு என்று சொல்லியிருந்தேன்.

கூப்பிட்டாள். "சிஸ்டர், கால் சில்லுனு கீது." போனேன், அணைத்தேன், பத்து எண்ணிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. "சிஸ்டர், மூச்சு வேகமா வுடுது." போய் முழு நிமிஷம் எண்ணினேன், சரியாக இருந்தது. காலையிலிருந்து ஆறு தரம். பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி சிரித்தாள். அவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். ஏழாவது தரம் வார்டின் அந்தக் கோடியிலிருந்து, முழுத் தொண்டையில், "சிஸ்டர்!" என்று குரல் வந்தது. கையிலிருந்த ட்ரேயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடி?"

"ஒண்ணியும் இல்ல சிஸ்டர். சும்மாதான். கூப்ட்டா வர்றீங்களான்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து, வார்டு முழுக்கப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். அந்தப் பையன் போன அன்றுகூட நான் அழவில்லை. செல்வி என் தோளில் கை வைத்தாள்.

"மெதுவா சிஸ்டர்" என்றாள். "கொயந்த முயிச்சிக்கும்."